இடிச்சது யாரு?

2018-ல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. திருவான்மியூர் சிக்னலில் சிவப்பு விளக்கு. வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கும் இழுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு லோடு வேன் வந்து இடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை. இறங்கிப் பார்த்தால் பின் பம்பர் ஒரு பக்கம் பிளந்து தொங்குகிறது, டிக்கி கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம்.

வேன் ஓட்டி வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். "பிரேக் பிடிக்கலண்ணே" என்றான். அடுத்த வாக்கியமே, "ஓனர்கிட்ட சொல்லிராதீங்கண்ணே, சம்பளத்துல பிடிச்சிருவாரு." பின்னால் ஹாரன்கள் அலற ஆரம்பித்தன. வேனின் நம்பரையும் அவன் நீட்டிய இன்சூரன்ஸ் தாளையும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மனசுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. தப்பு முழுக்க அவன்மேல். அவன் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. அந்தக் கம்பெனி எனக்குப் பணம் கொடுக்கும். அதற்குத்தானே 'தேர்ட் பார்ட்டி' என்று ஒன்றை அரசாங்கம் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது?

ஒர்க்‌ஷாப்பில் இதைச் சொன்னபோது அங்கிருந்த சூப்பர்வைசர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "சார், அதெல்லாம் கோர்ட் கேஸ். உங்க இன்சூரன்ஸ்லயே போட்டுருங்க."

இடித்தது அவன், க்ளெய்ம் என்னுடையதா? அந்த நியாயம் புரியாமல்தான் இந்த விஷயத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டிக்கொண்டே போனால் லண்டன் வந்துவிட்டது.

1896 ஆகஸ்ட் 17. லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில், மக்களுக்குக் காட்டுவதற்காக ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மோட்டார் வண்டி பிரிஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மீது மோதி அவர் இறந்துபோனார். பிரிட்டனில் காரில் அடிபட்டு இறந்த முதல் பாதசாரி என்று அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. விசாரணை முடிவில் அது தற்செயல் மரணம் என்றார்கள். கார் என்பது அன்று பணக்காரர்களின் பொம்மை. காப்பீடு எடுப்பதும் எடுக்காததும் அவரவர் விருப்பம். அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டு ஜெயிக்கலாம். ஆனால் ஓட்டியவரிடம் பணம் இல்லையென்றால் தீர்ப்புக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த ஓட்டையை ஆரம்பத்திலேயே அடைக்கப் பார்த்தவற்றில் ஒன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். அங்கே 1927 முதல் காப்பீடு இல்லாமல் காரைப் பதிவு செய்ய முடியாது. பிரிட்டன் 1930-ல் சட்டம் போட்டது. அந்த ஒரே வருடத்தில் பிரிட்டிஷ் சாலைகளில் 7,000 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். அதே வருடம் துணைக்கு இன்னொரு சட்டமும் வந்தது. இடித்தவர் திவாலாகிவிட்டால் அவருடைய இன்சூரன்ஸ் பணம் மற்ற கடன்காரர்களுக்கெல்லாம் பங்காகப் போய்க்கொண்டிருந்தது, அடிபட்டவருக்கு அதில் கொஞ்சம் மிஞ்சினால் உண்டு. இனிமேல் அந்த உரிமை நேராக அடிபட்டவருக்கே என்று இரண்டாவது சட்டம் சொன்னது. எவ்வளவு சின்ன விஷயம், ஆனால் அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாசசூசெட்ஸிலும் சரி, பிரிட்டனிலும் சரி, கட்டாயமாக்கியது உயிருக்கும் உடம்புக்குமான காப்பீட்டை மட்டும்தான். பம்பர் அதில் கிடையாது. பிரிட்டனில் பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதமும் கட்டாயக் காப்பீட்டுக்குள் வர 1988 இறுதிவரை ஆனது.

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 1939-ல் வந்தது. அதன் எட்டாவது அத்தியாயம் கட்டாயக் காப்பீடு பற்றியது. ஆனால் அந்த அத்தியாயம் மட்டும் உடனே அமலுக்கு வரவில்லை. 1946 ஜூலை 1 வரை காத்திருந்தது. நடுவில் ஒரு உலகப் போரே நடந்து முடிந்துவிட்டது. 1956-ல் செய்த திருத்தத்தில் விபத்து வழக்குகளுக்கென்று தனித் தீர்ப்பாயங்கள் வந்தன. சிவில் கோர்ட்டில் வருடக்கணக்கில் அலைய வேண்டாம், கோர்ட் கட்டணத்துக்கு வீட்டை அடகு வைக்க வேண்டாம் என்பது நோக்கம். சென்னையில் இன்றும் உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் சிறுவழக்குகள் நீதிமன்றத்தில்தான் இந்த வழக்குகள் நடக்கின்றன. அந்த வராந்தாவில் ஒருமுறை நின்றிருக்கிறேன். கால் இழந்தவர்கள், கணவனை இழந்த பெண்கள், மடியில் குழந்தைகள். அங்கே போய் என் பம்பரைப் பற்றிப் பேச எனக்கு வாய் வந்திருக்காது.

ஆனால் சட்டப்படி பேசலாம். 1969 திருத்தம் மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்தையும் கட்டாயக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. உச்சவரம்பு 2,000 ரூபாய். 1982-ல் அது 6,000 ஆனது. பழைய சட்டம் போய் 1988-ல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்தபோதும் அந்த 6,000 அப்படியே உட்கார்ந்துகொண்டது. என் கார் அடிவாங்கிய 2018-லும் சட்டப் புத்தகத்தில் அதே 6,000-தான். பெட்ரோல் விலை, பம்பர் விலை, டிங்கரிங் கூலி எல்லாம் எங்கெங்கோ போய்விட்டன. (நியாயமாகச் சொன்னால், நடைமுறையில் கார் பாலிசிகளில் இந்தப் பகுதிக்கு ஏழரை லட்சம் வரை கொடுத்தார்கள். வேண்டாம், சட்டம் சொல்லும் 6,000 போதும் என்று எழுதிக் கொடுத்தால் பிரீமியத்தில் 100 ரூபாய் தள்ளுபடி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.)

சரி, உரிமை இருக்கிறது. ஏன் யாரும் கேட்பதில்லை?

இதற்கான பதில் சட்டப் புத்தகத்தில் இல்லை. கம்பெனிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டில் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் அதற்கு வைத்த பெயர் 'நாக் ஃபார் நாக்'. உன் ஆள் என் ஆளைத் தட்டினான், என் ஆள் உன் ஆளைத் தட்டினான், கணக்கு சரி. இடித்தது யாராக இருந்தாலும், அவரவர் கம்பெனி அவரவர் வாடிக்கையாளரின் வண்டியைச் சரிசெய்து கொடுத்துவிடும். ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதில்லை. ஆயிரம் விபத்துகளைச் சேர்த்துப் பார்த்தால் சுமார் பாதியில் தப்பு இந்தப் பக்கம், பாதியில் அந்தப் பக்கம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் யார் காரணம் என்று சாட்சி தேடி, வக்கீல் வைத்து நிரூபிக்க ஆகும் செலவு பள்ளத்தை நிமிர்த்தும் செலவைவிட அதிகம். கம்பெனிகளின் கோணத்தில் நின்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கம்பெனியின் கோணத்தில் நிற்காதவர்கள் அப்போதே இருந்தார்கள். 1936-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மோர்லி என்பவரின் காரை மூர் என்பவர் இடித்துவிட்டார். முதல் ஐந்து பவுண்டு போக மீதியை மோர்லியின் கம்பெனி கொடுத்துவிட்டது. அந்த ஐந்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், முழுத்தொகைக்கு வழக்குப் போடாதீர்கள் என்றும் சொன்னது. மோர்லி கேட்கவில்லை, முழுவதற்கும் வழக்குப் போட்டார். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கம்பெனிகள் தங்களுக்குள் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும், இடித்தவரின் பொறுப்பு அதனால் மறைந்துபோகாது.

நாற்பது வருடம் கழித்து, 1970-களில், கிட்டத்தட்ட இதே கதை பிரபுக்கள் சபை வரை போனது. இந்த முறை ஹாப்ஸ் எதிர் மார்லோ. ஹாப்ஸின் கையிலிருந்து உண்மையில் போனது பாலிசியில் கழிக்கப்பட்ட பத்து பவுண்டும், ரிப்பேர் முடியும்வரை வாடகைக்கார் எடுத்த செலவும். மொத்தம் எண்பது பவுண்டைத் தொடவில்லை. அவ்வளவு சின்னத் தொகைக்கு வழக்குப் போட்டால் ஜெயித்தாலும் வக்கீல் செலவு திரும்பக் கிடைக்காது என்பது அங்கே விதி. எனவே கம்பெனி ஏற்கெனவே கொடுத்துவிட்ட ரிப்பேர் தொகையையும் சேர்த்துக் கேட்டுப் பார்த்தார். தொகை பெரிதானால் செலவும் கிடைக்குமே! பிரபுக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் உண்மையான நஷ்டம் சின்னதுதான், வக்கீல் செலவு கிடையாது, போய் வாருங்கள்.

எனக்கு இந்த ஹாப்ஸைப் பிடிக்கும். எண்பது பவுண்டுகூட இல்லாத ஒரு தொகைக்காக நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போன மனிதர். மோட்டார் ஓட்டிகளின் சங்கம் ஒன்று அவருக்குப் பின்னால் நின்றது என்பது வேறு விஷயம்.

இந்தியாவுக்கு வருவோம். தேசியமயத்துக்கு முன் இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பொதுக்காப்பீட்டுக் கம்பெனிகள் இருந்தன. சென்னையில் 'மெட்ராஸ் மோட்டார் அண்ட் ஜெனரல்' என்று ஒன்று. பழைய தீர்ப்புகளைப் புரட்டினால் அந்தப் பெயர் இன்னும் கண்ணில் படும். 1973 ஜனவரி 1 அன்று எல்லாவற்றையும் சேர்த்து நான்கு அரசு நிறுவனங்களாக்கினார்கள். அவற்றில் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னை. இனி ஒரு கம்பெனி இன்னொன்றின்மேல் வழக்குப் போட்டால் அது அரசாங்கத்தின் சட்டைப்பையிலிருந்து கால்சட்டைப் பைக்குப் பணம் மாற்றுவதுதான். நாக் ஃபார் நாக்குக்கு இதைவிட நல்ல மண் கிடைக்குமா? 2000-த்துக்குப் பிறகு தனியார் கம்பெனிகள் வந்தன. ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது.

பிரிட்டனில் இந்த உடன்பாடு 1990-களில் பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. நமக்கு அந்த வருத்தமெல்லாம் இல்லை.

இப்போது என் பம்பருக்குத் திரும்பலாம். எஸ்டிமேட் 9,400 ரூபாய். என் பாலிசியில் க்ளெய்ம் செய்தால் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் தேய்மானம் போகக் கிடைக்கும், அதற்குமேல் கட்டாயமாக 1,000 ரூபாய் என் கையிலிருந்து. எல்லாம் போக சுமார் 5,600 வரும் என்றார் சூப்பர்வைசர். பரவாயில்லையே என்று தோன்றியது. அப்போதுதான் நோ க்ளெய்ம் போனஸ் ஞாபகம் வந்தது.

பல வருடங்களாக ஒரு க்ளெய்ம்கூட செய்ததில்லை. என் தள்ளுபடி உச்சத்தில், 50 சதவீதத்தில் இருந்தது. ஒரே ஒரு க்ளெய்ம் போட்டால் அது பூஜ்யம். அங்கிருந்து வருடத்துக்கு ஒரு படியாக 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-ஐத் தொட வேண்டும். என் சொந்தச் சேதப் பகுதியின் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் சுமார் 8,000. முதல் வருடம் 4,000 நஷ்டம். அடுத்த வருடம் 2,400. பிறகு 2,000, 1,200, 400. கூட்டினால் சரியாக 10,000. வண்டிக்கு வயசாக ஆக பிரீமியம் குறையும் என்பதைக் கழித்தாலும், 5,600 வாங்க அதைவிட அதிகம் கொடுக்க வேண்டும்.

எஸ்டிமேட் தாளின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோதுதான் அந்தப் பெயரே எனக்குப் புரிந்தது. 'நோ க்ளெய்ம்' என்றுதானே எழுதியிருக்கிறார்கள்? 'நோ ஃபால்ட்' என்று எங்கும் இல்லை. ஒழுங்காக ஓட்டியதற்குக் கொடுக்கும் பரிசு என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வாயைத் திறக்காமல் இருந்ததற்கான கூலி. யார் இடித்தார் என்ற கேள்வியைக் கம்பெனிகள் தங்களுக்குள் அழித்துவிட்டன. அழித்ததால் மிச்சமான செலவு அவர்களுக்கு, அழித்ததால் வந்த நஷ்டம் சிக்னலில் நின்றவனுக்கு.

என்னிடமாவது முழுக் காப்பீடு இருந்தது. செக்கிங்கில் காட்டுவதற்காக தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டு ஓட்டும் பைக்காரரை நினைத்துப் பாருங்கள். ஹெட்லைட் உடைந்து, ஃபோர்க் வளைந்து நிற்கிறார். அவருடைய கம்பெனி அவருக்கு எதுவும் தராது, அந்தப் பாலிசி அதற்கானதே அல்ல. இடித்தவரின் கம்பெனியிடம் வாங்க வேண்டுமானால் எஃப்.ஐ.ஆர்., வக்கீல், தீர்ப்பாயம். மூவாயிரம் ரூபாய்க்கு யார் போவார்? ஸ்டேஷனில் முதல் கேள்வியே, "ஆளுக்கு அடி இல்லைல்ல? பேசி முடிச்சுக்கங்க." நம் ஊரில் சின்ன விபத்து நடந்த அடுத்த நிமிடம் கூட்டம் கூடி, நடுரோட்டில் "ஆயிரம் குடு, ஐநூறு குடு" என்று பஞ்சாயத்து நடக்கிறதே, அதை நாகரிகம் இல்லாத வழக்கம் என்று நானும் முகம் சுளித்தவன்தான். இப்போது அப்படித் தோன்றவில்லை. இடிச்சது யாரு என்று இந்த நாட்டில் இன்னும் கேட்கிற ஒரே கோர்ட் அது.

க்ளெய்ம் போடவில்லை. வேன் ஓனருக்கு ஒருமுறை போன் செய்தேன், பையனைக் காட்டிக்கொடுக்காமல் எப்படிக் கேட்பது என்று தெரியாமல், ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். பையன் மூன்றாம் நாள் அவனாகவே கூப்பிட்டு, "ஓனர்கிட்ட பேசிட்டீங்களாண்ணே?" என்றான். இல்லை என்றேன். அன்று இரவு பேடிஎம்மில் 1,000 ரூபாய் வந்தது. அதற்குப் பிறகு பேச்சில்லை. மீதியை நான் கட்டினேன்.

எல்லாம் முடிந்து, பாலிசியை மறுபடி ஃபைலில் வைக்கப் போகும்போது முதல்முறையாக அதை வரிவரியாகப் படித்தேன். மூன்றாம் நபர் சொத்துச் சேதம்: 6,000 ரூபாயாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பக்கத்திலேயே தள்ளுபடி, 100 ரூபாய். அதாவது அன்று சிக்னலில் இடித்தவன் நானாக இருந்திருந்தால், என் கம்பெனி 6,000-த்தோடு கையை விரித்திருக்கும். ஏஜென்டைக் கூப்பிட்டு, இதை யார் போடச் சொன்னது என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் அப்படித்தான் சார் போடுறோம்" என்றார். "நூறு ரூபா கம்மியாகுதுல்ல?"