ஜனதா காலனியின் குப்பைப் பொட்டலம்

டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் முதல் நாளே, “டீச்சர், எனக்குக் கணக்கு வராது” என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டால், பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்கிறார்கள். பிறக்கும்போதே நிறம் வருவதுபோல ஆர்வமும் வந்துவிடுமா? மும்பையில் எங்கள் சீத்தா கேம்ப் எப்படி உண்டானது என்று தெரிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

இந்த ஊர் உண்டாவதற்கு முன்னால் ஜனதா காலனி இருந்தது. 1950களின் தொடக்கத்தில் பம்பாய் நகருக்குள் குடிசை போட்டிருந்தவர்களை முனிசிபாலிட்டி அப்புறப்படுத்தி, அன்றைக்கு ஊருக்கு வெளியே கிடந்த இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டது. கல்யாணமாகி திருநெல்வேலியிலிருந்து வந்த என் அம்மாவுக்கு அதுதான் முதல் பம்பாய். தண்ணீருக்கு அலைச்சல், கக்கூஸுக்கு வரிசை. குப்பையை அள்ள யாரும் வருவதில்லை.

கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம் அறுபதுகளில் பிழைப்புத் தேடி இங்கே வந்தார். கைத்தொழில் தச்சு. தெருவில் திரிந்த பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அது மெல்ல ஒரு பள்ளிக்கூடமாயிற்று. ஒருநாள் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைப் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பிக்னிக் போவதுபோல் ஊர்வலமாக நடந்து, முனிசிபாலிட்டி அலுவலக வாசலில் அதைப் போட்டுவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் பேச வந்தார்கள். மக்கள் கூட்டிச் சேர்ப்பது, முனிசிபாலிட்டி லாரியில் எடுத்துப்போவது என்று முடிவாயிற்று.

இதைப் போராட்டக் கதையாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு இது முதலில் ஒரு பாடவேளை. பத்து வயதுப் பிள்ளை தன் கையால் ஒன்று செய்தது. பெரிய கட்டிடத்துக்குள்ளிருந்து அதற்குப் பதில் வந்தது. அதுவரை அந்தப் பிள்ளை எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் தெரு மாறியதில்லை.

அதே காலத்தில், 1967இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். படிக்கவே மனம் கூசும் சோதனை அது. சில நாய்கள் தலையால் ஒரு பலகையைத் தள்ளினால் மின் அதிர்ச்சி நின்றுவிடும். வேறு சில நாய்களுக்கு என்ன செய்தாலும் நிற்காது. பிறகு, ஒரு தடுப்பைத் தாண்டிக் குதித்தாலே தப்பிக்கலாம் என்ற இடத்தில் விட்டபோது முதல் வகை நாய்கள் குதித்தன. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை படுத்து முனகின. இதைக் கற்றுக்கொண்ட கையறுநிலை என்றார்கள். ஐம்பது வருடம் கழித்து, 2016இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளைப் பார்த்துவிட்டுத் தங்கள் கருத்தைத் தலைகீழாக்கினார்கள்: தொடர்ந்து அடி விழுந்தால் உயிர் ஒடுங்கிக் கிடப்பது கற்றுக்கொண்டதல்ல, இயல்பாகவே நடப்பது. தன்னால் இதை மாற்ற முடியும் என்பதைத்தான் மூளை கற்கவேண்டியிருக்கிறது. அதைப் படித்ததும் எனக்கு அந்தப் பொட்டலங்கள்தான் ஞாபகம் வந்தன.

கற்றதை அழிக்கிற மாதிரி ஒரு நாளும் வந்தது. பக்கத்து அணுசக்தி ஆராய்ச்சி நிறுவனம் தன் குடியிருப்புக்காக ஜனதா காலனி நிலத்தைக் கேட்டது. வருடக்கணக்கில் வழக்கும் மனுவுமாக மக்கள் தடுத்துவைத்தார்கள். நெருக்கடி நிலை வந்தது. 1976 மே 17இல் போலீஸை நிறுத்திக் காலனியைக் காலி செய்தார்கள். சுமார் 70,000 பேர். கழி, தகரம், அடுப்பு, பானை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு டிராம்பே கழிமுகத்தை ஒட்டிய இந்தச் சேற்றுக்கு வந்தார்கள். மூன்று வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அம்மா அந்த மழையைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். கேட்டால், “செக்டர் பிரிச்சுக் குடுத்தாங்க, இருந்தோம்” என்பாள்.

ஆனால் அவர்கள் படுத்துவிடவில்லை. அது ஏன் என்று யோசித்தால், உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா அடுத்த வருடம், 1977இல், எழுதிய கட்டுரை உதவுகிறது. என்னால் முடியும் என்ற எண்ணம் நான்கு வழியில் வரும் என்றார் அவர்: தானே செய்து பார்த்தது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் தைரியம், அந்த நேரத்து உடம்பும் மனமும் இருக்கும் நிலை. வலுவானது முதல் வழி. பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் மூன்றாவதோடு நின்றுவிடுகின்றன. உன்னால் முடியும் என்று மைக்கில் பேசிவிட்டுப் போகிறார்கள்.

இரண்டாவது வழிக்கு மும்பையின் பைகுல்லாவைச் சொல்வேன். ஜோக்கினின் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்போடு ஸ்பார்க் அமைப்பும், அங்கே நடைபாதையில் குடியிருந்த பெண்களின் மகிளா மிலனும் எண்பதுகளில் கைகோர்த்தன. அந்தப் பெண்கள் தங்களுக்கு வேண்டிய வீட்டைச் சேலையை நீட்டி அளந்து, முழு அளவில் மாதிரி கட்டி நிறுத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி செய்வதை இன்னொருத்தி வந்து பார்த்துப் போனாள். எந்த எஞ்சினியர் வகுப்பெடுத்திருந்தாலும் அது அப்படிப் பரவியிருக்காது. ஜோக்கினுக்கு 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன, 2018இல் காலமானார்.

இங்கே பிள்ளைகளின் கதை வேறாகப் போயிற்று. முனிசிபல் தமிழ்ப் பள்ளிகள் வெகுகாலம் ஏழாம் வகுப்போடு நின்றன. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் இந்திக்கோ இங்கிலீஷுக்கோ தாவ வேண்டும். ஏழாம் வகுப்பில் முதலில் கை தூக்கியவள் எட்டாம் வகுப்பில் வாய் திறக்கமாட்டாள். அவளுக்கு விடை தெரியும். சொன்னால் வகுப்பு சிரிக்கும் என்பதும் தெரியும். பயத்தோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் ஆர்வம் எங்கே என்று தேடுவது கொடுமை. இரண்டு மாதம் அப்படி இருந்தால், விடை தெரிந்தவளே “எனக்கு வராது” என்று சொல்ல ஆரம்பிக்கிறாள். அதனால்தான் ஆறாவதில் பின்னத்தில் தடுமாறும் பையனை நாலாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்த்துவது என் வழக்கம். அவன் சொன்னதைக் கேட்டுச் சின்னவன் சரியாகப் போடும்போது, பெரியவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

2009இல் வந்த மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் எங்கள் எம் கிழக்கு வார்டுதான் கடைசி. அந்தக் கடைசி இடத்துக்குத் தண்ணீர், சாக்கடை, ஆஸ்பத்திரி எல்லாம் காரணம். நான் அத்தனையையும் கேட்க முடியும், கேட்கிறோம். ஆனால் ஆசிரியர்களிடம் தனியாகக் கேட்பது ஒன்றுண்டு, அதற்குப் பைசா செலவில்லை: எட்டாம் வகுப்புக்குப் புதிதாக வருகிற தமிழ்ப் பிள்ளை ஜூனில் தமிழிலேயே பதில் சொல்லட்டும். பக்கத்துப் பெஞ்சில் இருப்பவள் அதை இந்தியில் சொல்லுவாள். கணக்குச் சரியா என்று மட்டும் பாருங்கள். எந்த மொழி என்பதைத் தீபாவளி லீவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.