இம்மட்டும்: ஒரு கல்லும் ஒரு சொல்லும்

பண்பொழி என்ற பேரைக் கேட்பவர் இன்று அதில் பண்பையோ பண்ணையோதான் தேடுவார். திருமலைக் குமாரசுவாமி கோயில் மலைக்கு அடியில் இருக்கும் இந்த ஊரின் பழைய பேர் பைம்பொழில். பசுஞ்சோலை என்று பொருள். ஊர்வாயில் உருண்டு உருண்டு சோலை பேரைவிட்டுக் கழன்றுபோயிற்று. பேர் தானாக எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, காரணம் சொல்ல ஆள் வேண்டும். தென்காசி, சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கங்களில் வீட்டு முகப்பிலும் ஆட்டோக் கண்ணாடியிலும் கடைப் பலகையிலும் காணும் ‘எபெனேசர்’ என்ற பேருக்கும் இதே கதி நேர்ந்திருக்கலாம். கேட்டால் தமிழ்க் காதுக்கு ஒன்றும் புரியாத எபிரெயப் பேர் அது. ஆனாலும் ஜெபம் பண்ணத் தெரிந்த எந்தப் பாட்டியும் அதற்குப் பொருள் சொல்லிவிடுவாள். அந்தப் பேரோடு ‘இம்மட்டும்’ என்ற தமிழ்ச் சொல் ஒட்டிக்கொண்டு வந்ததே காரணம். கர்த்தர் செய்ததை மறவாமல் வைத்திருக்க நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர்களுக்குப் பெரிதும் உதவியது அந்தச் சொல்தான் என்பது என் துணிபு.

எபிரெயத்தில் ‘எபென்’ என்றால் கல், ‘ஏசர்’ என்றால் உதவி. பெலிஸ்தரை வென்ற பிறகு சாமுவேல் மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே ஒரு கல்லை நிறுத்தி அதற்கு எபெனேசர் என்று பேரிட்டதையும், கர்த்தர் அதுவரை உதவினார் என்று காரணம் சொன்னதையும் முதலாம் சாமுவேல் 7ஆம் அதிகாரம் கூறுகிறது. ‘அதுவரை’ என்பதற்கு மூலத்தில் உள்ள சொல் ‘அத் ஹேன்னா’. இந்த இடம்வரை, இந்த நேரம்வரை என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு. ஹென்றி பவர் தலைமையில் அமைந்த குழுவால் திருத்தப்பட்டு 1871இல் வெளிவந்த வேதாகமத்தின் வழியில் நம் சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே இருப்பது ‘இம்மட்டும்’. மட்டு என்றால் அளவு, எல்லை. ‘கழுத்துமட்டும் தண்ணீர்’ என்றால் இடம். ‘சாகுமட்டும்’ என்றால் காலம். மூலச்சொல்லின் இரு கையையும் பிடித்துக்கொள்ளும் சொல் இது. நாம் பேச்சில் சொல்லும் இம்புட்டு, அம்புட்டு என்பவையும் ஒலியாலும் பொருளாலும் இதன் உறவினர் என்றே கொள்ளத் தோன்றுகிறது. இன்றைய தமிழிலோ ‘மட்டும்’ என்பது ‘நீ மட்டும் வா’ என்ற அளவில் குறுகிவிட்டது. ‘வரை’ அதன் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. நாளெல்லாம் ‘இதுவரைக்கும்’ என்று பேசுகிற இளைஞர், முழங்கால் படியிட்டதும் ‘இம்மட்டும் நடத்தினீரே’ என்கிறார். பழைய பொருள் ஜெபத்தில் பிழைத்திருக்கிறது.

மட்டு என்றாலே எல்லைதானே, ‘இம்மட்டும்’ என்பவர் நாளையைப் பற்றிச் சந்தேகப்படுகிறாரோ என்று கேட்கலாம். ‘எப்போதும் உதவுவார்’ என்பதே பெரிய விசுவாசமாகத் தோன்றும். ஆனால் அதைச் சொல்ல ஒருவர் எதையும் நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை. ‘இம்மட்டும்’ என்று வாய்திறக்கிறவரோ திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும். தேவனுடைய மாறாத தன்மையைத் தமிழ் வேதாகமம் பல இடங்களில் ‘உண்மை’ என்றே சொல்கிறது. உண்மைக்குச் சாட்சி வேண்டும். சாட்சி நடந்ததைப் பற்றியதாகத்தான் இருக்க முடியும். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு வரும் ஸ்தோத்திரக் காணிக்கை உறைகளில் இதை நேராகக் காணலாம். பேருக்குக் கீழே காரணமும் எழுதியிருப்பார்கள்: சுகப்பிரசவம், ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, மகனுக்கு வேலை, கடன் அடைந்தது. குருவானவர் அதை வாசிக்கும்போது வருடம் மொத்தமாக ஓடிப்போகாமல் ஒவ்வொன்றாக எண்ணப்படுகிறது. காரணத்தை விட்டுவிட்டுத் தொகையை மட்டும் எழுதித் தருவதில் எனக்குச் சம்மதமில்லை.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு: உதவி வராத வீட்டார் என்ன சொல்வது? பதில் அதே சாமுவேல் புத்தகத்தில் இருக்கிறது. எபெனேசர் என்ற பேர் முதலில் வருவது 7ஆம் அதிகாரத்தில் அல்ல, 4ஆம் அதிகாரத்தில். இஸ்ரவேலர் அங்கே பாளயமிறங்கினார்கள். முப்பதாயிரம் காலாட்கள் விழுந்தார்கள். உடன்படிக்கைப் பெட்டி பறிபோயிற்று. ஆசாரியன் ஏலியின் இரண்டு மகன்களும் மாண்டார்கள். பிறகு இருபது வருடப் புலம்பல், மிஸ்பாவில் தண்ணீர் ஊற்றி உபவாசம். தோற்ற களத்தின் பேரைத்தான் சாமுவேல் வெற்றிக் கல்லுக்கும் வைத்தான். ஆகையால் ‘இம்மட்டும்’ என்ற அளவுக்குள் அந்த முப்பதாயிரம் பேரின் வீடுகளும் அடங்கும். துக்கத்தைக் கழித்துவிட்டு நல்லதை மட்டும் கூட்டும் கணக்கு அல்ல அது. ஆனால் இருபது வருடம் சென்ற பிறகே அந்தச் சொல் வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. கொரோனாவில் ஆளைப் பறிகொடுத்த வீட்டார் தாங்களாக அதைச் சொன்னால் அதற்கு ஈடான சாட்சி இல்லை. அவர்களைச் சொல்லவைக்க அடுத்தவருக்கு உரிமையும் இல்லை.

மாடி வீடு கட்டி, கிரானைட்டில் ‘எபெனேசர்’ என்று பொறிப்பது பெருமைதானே என்ற குறையும் கேட்கிறது. சில இடங்களில் அது நியாயமே. கல் நாட்டுவது தமிழருக்குப் புதிதல்ல. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் வகுக்கும் அளவுக்குப் பழையது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்தே இருக்கிறது. நடுகல் விழுந்த வீரனுடையது. சாமுவேலின் கல்லிலோ எந்த வீரனின் பேரும் இல்லை. ஜனங்களுக்காக வேண்டிக்கொண்ட சாமுவேலின் பேர்கூட இல்லை. இதைவிடக் கூர்மையான சாட்சி ‘இம்மட்டும்’ வரும் அதே வசனத்தில் நிற்கும் ‘எங்களுக்கு’ என்ற சொல்லில் இருக்கிறது. எபிரெயத்தில் நமக்கு, எங்களுக்கு என்ற வேறுபாடு கிடையாது. மொழிபெயர்த்தவர்கள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘நமக்கு’ என்று வைத்திருந்தால் அது வென்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதாக முடிந்திருக்கும். ‘எங்களுக்கு’ என்றதும் எதிரே கேட்பவர் ஒருவர் வந்துவிடுகிறார்: அவ்வழியே போகிற அயலார், அல்லது யோசுவா 4ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு கற்களைக் காட்டி ‘இது என்ன’ என்று கேட்கப்போகிற பிள்ளைகள். வீட்டுப் பலகையும் தெருவைப் பார்த்துத்தான் நிற்கிறது. தெருவில் போகும் ஒருவர் நின்று, ‘என்ன உதவி, எப்போது?’ என்று கேட்டால், வாசலில் இருக்கிறவர் தன் சம்பாத்தியத்தைச் சொல்லாமல் வேறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.