வன்னி நிலமும் குதிரைப் பயணத்தின் காப்பும்

குதிரையேற்றத்தில் நேரும் விபத்தை ஊர்பவனின் பயிற்சிக் குறைவோடு மட்டும் இணைத்து நோக்குவது வழக்கம். சேணம் நழுவியது, கடிவாளப் பிடி தளர்ந்தது என்றே காரணங் கூறப்படும். வன்னிப் பெருநிலத்தின் வரலாறோ வேறொன்றை உணர்த்துகின்றது. ஊர்பவனின் காப்பு குதிரையின் உடல்நலத்திலும் அது கால்வைக்கும் நிலத்திலும் தங்கியுள்ளது என்பதே அது. குளமும் காடும் கால்நடையும் செறிந்த வன்னியில் குதிரை ஏன் வேரூன்றவில்லை என்பதை இக்கோணத்திலிருந்து ஆராய்தல் தகும்.

குதிரை இப்பகுதிக்குக் கடல்வழி வந்த விலங்கு. அநுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரையும் குதிரை வணிகன் ஒருவனின் புதல்வர் என மகாவம்சம் குறிப்பிடுகின்றது. கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இறக்குமதியான குதிரைகளுள் மிகச் சிலவே உயிர் பிழைத்தன என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தோர் அங்கு இல்லாமையே அதற்குக் காரணம் என்றும் எழுதினார். விலங்கை விலைக்கு வாங்கலாம். அதனைப் பேணும் அறிவு அதனுடன் தானே வந்து சேர்வதில்லை.

ஒல்லாந்தர் காலத்து வடபகுதி இவ்வகையில் நோக்கற்பாலது. அவர்கள் குதிரை வளர்க்கத் தெரிந்தெடுத்த இடம் நெடுந்தீவு. சுண்ணக்கற் பாறைமேல் அமைந்த, பெருங்காடும் ஆறும் அற்ற திறந்த புல்வெளி அது. அங்குள்ள லாயத்தின் இடிபாடுகளும் கட்டாக்காலிக் குதிரைகளும் இன்றும் அதற்குச் சான்றாகின்றன. வன்னியிலிருந்து அவர்கள் பெற்றதோ யானை. வன்னியர் திறையாக அளித்த யானைகள் ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் சென்றன. புகையிரதப் பாதை முற்றுப்பெறாத 1905 ஜனவரியில், பணியேற்க யாழ்ப்பாணம் சென்ற லெனாட் வூல்ஃப் வன்னிக் காட்டைக் கடந்ததும் மாடு பூட்டிய தபால் வண்டியிலேயே ஆகும்.

இத்தெரிவுகள் தற்செயலானவை என்று கொள்ளல் அரிது. கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு முதலியன கோடையில் மணற்படுகைகளாகக் கிடப்பன. வடகீழ்ப் பருவமழையில் கரைபுரள்வன. வெள்ளம் வடிந்தபின் மேலே உலர்ந்து தோன்றும் சேறு குதிரையின் குளம்பை உள்வாங்கும். அகன்ற பிளவுபட்ட குளம்புடைய எருமை எளிதிற் கடக்கும் இடத்தில் ஒற்றைக் குளம்புடைய குதிரை புதையும். யானை, கரடி ஆகியவற்றின் வாடையுணர்ந்த குதிரை மிரண்டோடுதல் இயல்பு. தாழ்ந்த கிளைகள் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் அவ்வோட்டம் உயிருக்கே உலையாகலாம். இத்தகைய இடங்களில் இறங்கிக் குதிரையை நடத்திச் செல்வதும், நிலமறிந்த ஒருவரை முன்னே நடக்கவிடுவதும் கோழைமை ஆகா. அவையே குதிரையேற்றக் கலையின் முதிர்ச்சியாகும்.

கண்ணுக்குத் தெரியாத இடரும் ஒன்றுண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் ‘கும்ரி’ எனப்பட்ட பின்கால் முடக்கம் குதிரைகளை நெடுங்காலம் வாட்டியது. மாட்டின் வயிற்றறையில் பெருந்தீங்கின்றி வாழும் ஒருவகைப் புழுவின் நுண்குஞ்சுகளை நுளம்பு குதிரைக்குக் கடத்துகின்றது. அவை முள்ளந்தண்டு வடத்துட் புகுந்து நரம்பைச் சிதைக்கின்றன. 1950களில் இலங்கையிலும் பிறநாடுகளிலும் நிகழ்ந்த ஆய்வுகள் இதனைத் தெளிவுபடுத்தின. பின்குளம்பு தரையில் உரசுவதும் இடுப்புத் தள்ளாடுவதும் இந்நோயின் குறிகள். இவற்றைச் சோம்பலென்று கருதிச் சவுக்கால் அடித்து ஏறிச் செல்பவன், குதிரையோடு தானும் வீழ்வான்.

இந்நோய் ஒன்றே வன்னியில் குதிரை பெருகாமைக்குக் காரணம் என முடிவுகட்டல் பொருந்தாது. எனினும், வன்னியை வாழ்வித்த குளமும் மாடுமே குதிரைக்கு ஊறு விளைக்கும் சூழலையும் அமைத்தன என்பது சிந்திக்கத்தக்கது. எருதையும் எருமையையும் நம்பி வாழ்ந்த வன்னி உழவரைப் பின்தங்கியோர் எனக் கருதுவோர் இதனை மனங்கொள்ள வேண்டும். அவர்தம் தேர்வு அறியாமையின் விளைவன்று. நிலத்தின் இயல்போடு இயைந்த தேர்வு. குதிரையின்மேல் ஏறுவோன் முதலிற் கற்கவேண்டியதும் அந்நிலத்தையே ஆகும்.