பி.எம்.ஐ. வந்த கதை

எடை அதிகமா என்று பார்க்க டாக்டர்கள் போடும் பி.எம்.ஐ. கணக்குக்கு அடிப்படை தந்தவர் டாக்டர் அல்ல. பெல்ஜியம் நாட்டுப் புள்ளியியல் அறிஞர் அடால்ஃப் கெட்லே. பெரியவர்களின் எடை, உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைகிறது என்று 1830-களில் சொன்னார். அவர் தேடியது 'சராசரி மனிதனை', நோயை அல்ல. 1972-இல்தான் அமெரிக்காவின் ஆன்சல் கீஸ் குழுவினர் அதற்கு இந்தப் பெயரை வைத்தனர்.

25-ஐத் தொட்டால் அதிக எடை என்பது பொதுவான வரம்பு. ஆனால் ஆசியர்களுக்கு அதற்குக் கீழேயே சர்க்கரை நோய் வருகிறது. எனவே 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, நமக்கு 23-லிருந்தே கவனம் தேவை என்றது. 165 செ.மீ. உயரமானவருக்கு 68 கிலோ அல்ல, 63 கிலோவிலேயே எச்சரிக்கை மணி!

இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள்: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் டாக்டரைக் கேளுங்கள்.