பையில் எத்தனை மட்டை?

கிட்டிப்புள் ஆட ஒரு கோலும் ஒரு புள்ளும் போதும். கிரிக்கெட் பழக ஒரு மட்டை போதும். ஆனால் கோல்ஃப் பழக விரும்பிக் கடைக்குள் நுழைபவர் முன்னே நீண்ட பை ஒன்று நிறுத்தப்படுகிறது. அதற்குள் பதினான்கு மட்டைகள்! விலையைக் கேட்டதும் பலர் வந்த வழியே திரும்பிவிடுவதில் வியப்பில்லை. தொடக்க நிலையில் இருப்பவருக்குப் பதினான்கும் தேவைதானா? அந்தப் பதினான்கு என்ற எண்தான் எங்கிருந்து வந்தது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால், மரமும் எஃகும் இழைந்த ஒரு சுவையான வரலாறு கிடைக்கிறது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு சொல். புல்வெளியில் நானூறு கெஜத்துக்கு அப்பால் நாலேகால் அங்குல விட்டமுள்ள ஒரு குழி இருக்கும். பந்தை அதில் விழச் செய்யவேண்டும். எவ்வளவு குறைந்த அடிகளில் முடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. முதல் அடி வெகு தொலைவு செல்லவேண்டும். கடைசி அடி தரையோடு உருளவேண்டும். இடையில் மணலிலும் உயர்ந்த புல்லிலும் சிக்கிக்கொள்ளும் பந்தை மேலே கிளப்பவேண்டும். ஒரே மட்டை இத்தனை வேலையும் செய்யாது என்பது தெளிவு. ஆனால் எத்தனை மட்டை வேண்டும் என்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளாக ஒரே விடை இருந்ததில்லை.

கோல்ஃப் பிறந்த ஸ்காட்லாந்தில் 1457-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இந்த ஆட்டத்தைத் தடை செய்தது. இளைஞர்கள் வில் பயிற்சியை மறந்து பந்தின் பின்னால் அலைகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 1491-இல் நான்காம் ஜேம்ஸ் மன்னர் ஆட்சியில் தடை மீண்டும் வலியுறுத்தப்பட்டது. 1502-இல் இங்கிலாந்துடன் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. அதே ஆண்டு அரண்மனைக் கணக்கில் ஒரு செலவு பதிவாகிறது: மன்னருக்கு கோல்ஃப் மட்டைகள் வாங்கியதற்கான பணம்! கொடுக்கப்பட்டது யாருக்கு? பெர்த் நகரின் வில் செய்பவருக்கு. வளைந்து நிமிரும் மரத்தின் இயல்பை அவனைவிட நன்கு அறிந்தவர் யார்? ஆட்டத்தைத் தடுத்ததற்குக் காரணமாயிருந்த தொழிலே அதற்குக் கருவியும் செய்து கொடுத்தது. எழுத்தில் நமக்குக் கிடைக்கும் முதல் ‘ஆரம்பச் செட்’ இதுவே எனலாம்.

அக்காலத்து மட்டைகள் பெரும்பாலும் மரத்தலை கொண்டவை. இங்கிலாந்தில் ஹல் நகரில், ஒரு பழைய வீட்டின் சுவருக்குள் மூடிக் கிடந்த அலமாரியில், 1741-ஆம் ஆண்டுச் செய்தித்தாளுடன் எட்டு மட்டைகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஆறு மரத்தலை, இரண்டே இரும்பு. இதற்குக் காரணம் பந்து. அன்றைய பந்து தோல் உறைக்குள் இறகைத் திணித்துத் தைத்தது. செய்யவும் கடினம், விலையும் அதிகம். கூரிய இரும்பு பட்டால் தையல் பிரிந்துவிடும். ஆகவே வண்டித்தடத்தில் சிக்கிய பந்தை எடுக்க மட்டுமே இரும்பைத் தொட்டார்கள்.

இந்த நிலையை மாற்றியது மலாய்க் காட்டு மரம் ஒன்றின் பால். அதுதான் கட்டாபெர்ச்சா. சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி 1843-இல் இதை மேலைநாட்டாரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். வெந்நீரில் மென்மையாகும், ஆறினால் கெட்டிப்படும். 1848 வாக்கில் இதை உருட்டிப் பந்து செய்யத் தொடங்கினர். விலை மளமளவென்று சரிந்தது. இரும்பால் அடித்தாலும் பந்து பிரியவில்லை. வடுப்பட்ட பந்து இன்னும் நேராகப் பறந்ததையும் கண்டார்கள். மாறாக, கெட்டியான பந்து பட்டு மென்மையான மரத்தலைகள்தான் பிளந்தன! பையில் இரும்பு பெருகியது. கிளீக், மாஷி, நிப்ளிக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வழங்கியது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்நாளில் ‘செட்’ என்று எவரும் வாங்கவில்லை. தண்டு அமெரிக்க ஹிக்கரி மரத்தால் ஆனது. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு துண்டுகள்கூட ஒரே அளவில் வளைவதில்லை. பந்து தலையின் நடுவில் படாவிட்டால் தண்டு முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கும் என்பதும் மட்டைக்கு மட்டை வேறு. எனவே ஆடுபவர் கடையில் ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிப் பார்த்து, கைக்கு இசைந்ததை மட்டும் வைத்துக்கொள்வார். பல ஆண்டுகளில் பை நிரம்பும். ஜவுளிக்கடையில் புடவை எடுப்பது போன்ற பொறுமை அதற்கு வேண்டும்.

அப்படிச் சேர்த்த பை சிறியதாயிருந்தும் குறை ஏற்படவில்லை. 1916-இல் அமெரிக்க ஓபன் போட்டியில் சிக் எவன்ஸ் வென்றார். பிறர் பையைச் சுமக்கும் கேடி வேலை பார்த்து வளர்ந்தவர் அவர். அவர் கொண்டு சென்றவை ஏழே மட்டைகள். நான்கு சுற்றுகளில் 286 அடிகள். இருபது ஆண்டுகள் அதை எவராலும் முறியடிக்க முடியவில்லை.

பிறகு வந்தது எஃகுக் குழாய்த் தண்டு. அமெரிக்கச் சங்கம் 1924-இலும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் 1929-இலும் இதை அனுமதித்தன. எஃகு முறுக்கிக்கொள்வது குறைவு. அதைவிட முக்கியம், ஆயிரம் தண்டுகளையும் ஒரே மாதிரி செய்யலாம். அரை அங்குல நீள வேறுபாடு, ஏறக்குறைய 4 பாகைச் சாய்வு வேறுபாடு என்று படிப்படியாக அமைத்து, பெயர்களை நீக்கி 2, 3, 4 என்று எண்ணிட்டார்கள். ‘செட்’ பிறந்தது இப்போதுதான். தலையின் முகம் அதிகம் சாய்ந்திருந்தால் பந்து உயரப் போகும், தூரம் குறையும். அடுத்தடுத்த எண்களுக்கிடையே சுமார் பத்து கெஜம் வேறுபடும். தொழிற்சாலைகள் இரண்டு எண்களுக்கு நடுவிலும் ஒரு மட்டையைச் செருகி விற்றன. 1934, 1935 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பிரிட்டன், அமெரிக்கா இரண்டின் அமெச்சூர் பட்டங்களையும் வென்ற லாசன் லிட்டில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மட்டைகளோடு ஆடினார். சுமந்த கேடியின் தோளை யார் நினைத்தார்கள்!

திறமையைக் கடையில் வாங்கலாம் என்றாகிவிட்டதே என்ற கவலை எழுந்தது. 1938-இல் அமெரிக்காவிலும், 1939-இல் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் பதினான்குக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. ஆக, பதினான்கு என்பது மேல்வரம்பு, தேவை அல்ல. விற்பவர்கள் மேல்வரம்பையே தேவைபோல் காட்டிவிட்டார்கள்.

இனி நம் முதற்கேள்விக்கு வருவோம். தொடக்கநிலையில் இருப்பவர் ஒரே மட்டையால் பத்து முறை அடித்தால், பந்துகள் பத்து கெஜத்துக்கு மேலேயே சிதறி விழும். அவருக்கு 6-க்கும் 7-க்கும் உள்ள வேறுபாடு எப்படிப் பயன்படும்? ஒன்று விட்டு ஒன்று இருந்தால் போதும். பிரிட்டனில் இப்படிப்பட்ட ‘அரைச் செட்’ நெடுங்காலம் விற்றது: 3, 5, 7, 9 எண் இரும்புகள், மணலுக்கு ஒன்று, மரத்தலை ஒன்றிரண்டு, உருட்ட ஒரு பட்டர். இன்று வாங்குபவர் 3-ஐ விட்டுவிடலாம். சாய்வு குறைந்த இரும்பு புதியவருக்கு அடங்காது. மரத்தலை மட்டையிலும் 10 பாகையைவிட 15 பாகைச் சாய்வே மேல். சாய்வு கூடினால் பந்தின் பின்சுழற்சி கூடும். பக்கவாட்டில் வளைந்து ஓடுவது குறையும்.

பழைய மட்டை வாங்கலாமா? தாராளமாக. ஆனால் இரும்பின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் குழிந்து, ஓரங்களில் கனத்திருந்தால் நல்லது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-இல் தம் வீட்டுக் கொட்டகையில் ஒரு பட்டர் செய்தார். எடையை இரு முனைகளுக்கும் ஒதுக்கினால் நிலைமத் திருப்புத்திறன் கூடும்; பந்து நடுவில் படாவிட்டாலும் தலை எளிதில் திரும்பாது. அந்த மட்டை பந்தைத் தொட்டபோது ‘பிங்’ என்று ஒலித்ததால் அதுவே அதன் பெயராயிற்று. இதே தத்துவத்தைப் பிற்பாடு இரும்புகளுக்கும் கொண்டுவந்தார். தவறாக அடிப்பவருக்கே அது அதிகம் உதவுகிறது. அதாவது, புதிதாகப் பழகும் நமக்கு.

ஸ்பெயின் நாட்டின் வடகரையிலுள்ள பெத்ரேன்யா கிராமத்தில் 1957-இல் பிறந்த செவெ பாயெஸ்தெரோஸ், அரைச் செட்கூட இல்லாமல் தொடங்கியவர். 3-ஆம் எண் இரும்பு ஒன்றே அவருக்குக் கிடைத்தது. நாம் சற்றுமுன் வேண்டாமென்று ஒதுக்கிய அதே மட்டை. கடற்கரை மணலில் அதைக்கொண்டே உயரவும் தாழவும் அடித்துப் பழகினார். 1979-இல் பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் அவர் வென்றபோது, பையில் பதினான்கு மட்டைகள் வைத்துக்கொள்ளும் வசதி வந்திருந்தது.