கட்டுமரம் முதல் கைபேசி வரை: நம் பக்கத்து ஊரின் கதை

எலியட்ஸ் கடற்கரைக்குக் காலை நடை போகும் நம்மில் பலர் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம் வந்ததும் திரும்பிவிடுகிறோம். ஒருநாள் திரும்பாமல் வடக்கே நடந்து பாருங்கள். ஊரூர் குப்பமும் ஒல்காட் குப்பமும் ஒட்டி ஒட்டி வரும். அதற்கும் அப்பால் அடையாறு முகத்துவாரமும் உடைந்த பாலமும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வழி ஏற்கெனவே தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

பிரம்மஞான சபை 1882 கடைசியில் அடையாறுக்கு வந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான அமெரிக்கர் கர்னல் ஒல்காட், 1894-இல் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்காக இங்கே இலவசப் பள்ளி தொடங்கினார். குப்பத்தின் பெயரில் இருப்பவர் அவர்தான். ஊரூர் என்பதோ பெசன்ட் நகர் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே இருந்த பெயர். முகவரியில் நாம் பெரிதாகப் போட்டுக்கொள்ளும் 'நகர்' அந்த ஊருக்குப் பிறகு வந்ததுதான்.

அங்கே அறிவியல் எப்போது வந்தது என்று கேட்டால், கட்டுமரத்தோடு வந்தது என்பேன். லேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்தது அது. ஆணி கிடையாது. அலை மேலே விழுந்தாலும் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும், ஆகவே மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தைக் காயவைப்பார்கள். 'கேட்டமரன்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான்.

பிறகு மாற்றங்கள் வரிசையாக வந்தன. பருத்தி வலையைச் சாயமேற்றி, தினமும் உலர்த்தாவிட்டால் இற்றுப்போகும். நைலான் வலைக்கு அந்தக் கவலை இல்லை. அடுத்து வந்தது எஞ்சின். 1979-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கியது. அலையைத் தாண்டிக் கரையேறக்கூடிய புதிய படகுகளை வடிவமைத்துப் பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. அதன் வழிவந்த அமைப்பு இன்றும் அபிராமபுரம் செயின்ட் மேரிஸ் சாலையில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் ஏராளமாக வந்தன. கட்டுமரம் ஒதுங்கத் தொடங்கியது.

வணிகவியல் படித்தவன் கண்ணால் இதைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். கட்டுமரத்துக்கு முதலீடு குறைவு, அன்றாடச் செலவோ அநேகமாக இல்லை; காற்றுக்கு யாரும் பில் போடுவதில்லை. எஞ்சின் படகுக்கு, மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் விடியற்காலையில் எரிபொருள் ஊற்ற வேண்டும். மீனவர் கணக்கில் நடைமுறை மூலதனம் என்ற புதிய தலைப்பு ஏறிவிட்டது. அதன் கூடவே கடனும். தூரம் போகலாம், சீக்கிரம் திரும்பலாம், உடம்பு வலி குறைவு என்ற லாபங்களும் உண்மையே. எஞ்சினை வேண்டாம் என்று சொல்ல, அந்தத் துடுப்பை ஒருநாள்கூடப் பிடிக்காத நமக்கு உரிமை இல்லை.

சிந்தனை மாறியதுதான் இன்னும் பெரிய கதை. நடுக்கடலில் மீன் கூடும் பாறையை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் கொண்டுவருவார்கள். இன்னொரு பக்கம் வேறு இரண்டு. இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் பாறை. பள்ளியில் நமக்கு உதைத்த வடிவகணிதம் இதுவே. இப்போது அந்த இடம் ஜி.பி.எஸ். கருவியில் ஓர் எண்ணாக இருக்கிறது. வங்கிகளுக்குக் கணினி வந்தபோது நடந்ததும் இதேதான். பேரேட்டில் நாற்பது வரியை மனத்தாலேயே கூட்டிய நாங்கள், சில வருஷங்களில் நாலு வரிக்கே கால்குலேட்டரைத் தேடினோம்.

செயற்கைக்கோள் சொல்லும் செய்தியும் இப்போது கரைக்கு வருகிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நிறத்தையும் பார்த்து மீன் கூடக்கூடிய இடங்களை அறிவிக்கிறது. தண்ணீர் பச்சையாக இருந்தால் நுண்ணிய பாசி அதிகம், பாசி இருக்கும் இடத்தைத் தேடி மீன் வரும். ஆனால் மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்கு இவை தெரியாது, மழைக்காலத்தில் சிரமம். தவிர, எல்லோருக்கும் ஒரே இடத்தைச் சொன்னால் முதலில் போய்ச் சேர்வது பெரிய எஞ்சின் வைத்தவர்தான்.

இதனால் அறிவியலே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். 2004-இல் சுமத்ராவில் நிலம் நடுங்கி, அலை சென்னையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்குச் சொல்ல ஆளில்லை. இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில்தான் செயல்படத் தொடங்கியது. 2017-இல் ஒக்கி புயலின்போது மையங்கள் எல்லாம் இருந்தன; ஆனால் நாள்கணக்கில் ஆழ்கடலில் இருந்தவர்களின் கைபேசிக்குச் சிக்னல் எட்டவில்லை. கருவி இருப்பது வேறு, செய்தி போய்ச் சேர்வது வேறு.

எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. ஊரூர் குப்பத்தின் மூத்த மீனவர் எஸ். பாளையம், காற்று, நீரோட்டம், அலை ஆகியவற்றைப் பற்றி அறிந்தவற்றை எழுத்தாளர் நித்தியானந்த் ஜெயராமனோடு சேர்ந்து பதிவு செய்திருக்கிறார். அவர்கள் பேச்சில் வாடை, கச்சான் என்று காற்றுக்குத் தனித்தனிப் பெயர். நீரோட்டத்துக்கு 'வெள்ளம்' என்று பெயர். நமக்கு வெள்ளம் என்றால் 2015 டிசம்பரும் மூழ்கிய கார்களும் ஞாபகம் வரும். அவர்களுக்கு அது தினசரிச் செய்தி. வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. வலையை எந்தப் பக்கம் விடுவது, இன்று போவதா வேண்டாமா என்பதெல்லாம் இதை வைத்துத்தான். வங்காள விரிகுடாவின் மேற்கு ஓரத்து நீரோட்டம் பருவத்துக்குப் பருவம் திசை மாறுகிறது என்று கடலியல் நூல்கள் சொல்வதும் இதையே.

கைபேசியில் காற்றின் வேகத்தைப் பார்க்கும் இளைஞர்களுக்கு இந்தப் பெயர்கள் எவ்வளவு நாள் தேவைப்படும் என்பது பெரியவர்களின் கவலை. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், படகு ஓரமாக உட்கார்ந்து வலை சீர்செய்கிறவரிடம் இன்று என்ன வெள்ளம் என்று கேட்டுப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலமாக இருந்தால் அநேகமாக வன்னி என்பார்.