அடகுக் கடையில் ஒரு ரம்பம்

அமெரிக்காவின் ஓரெகான் மாநிலத்தில் பழைய செயின்சா தேடுபவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அடகுக் கடை. காட்டை நம்பி வளர்ந்த சிற்றூர்களில், யாரோ வைத்துவிட்டுப் போன கித்தார்களுக்குக் கீழே தரையில் வரிசையாகக் கிடக்கும். மரம் வெட்டிப் பிழைத்தவர்கள் கையாண்ட பெரிய ரம்பங்கள் அவை. புதிதாக வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும். ஓடாத பழசு முந்நூறுக்குள் படியும். பகலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத மென்பொருளோடு மல்லுக்கட்டுகிற எனக்கு, பிரித்துப் பூட்ட இரும்பில் ஏதாவது வேண்டியிருந்தது. “நாம இருக்கிறது அப்பார்ட்மெண்ட். எந்த மரத்த வெட்டப் போறீங்க?” என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். எனக்கோ வேறொரு கேள்வி: இவ்வளவு நல்ல கருவிகள் ஏன் இங்கே வந்து கிடக்கின்றன?

சங்கிலியில் பல் வைத்து அறுக்கும் யோசனை மருத்துவர்களுடையது. 1830இல் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் ஹைனே எலும்பை அறுக்க, கையால் சுற்றும் சங்கிலிக் கருவி ஒன்றைச் செய்தார். மரத்துக்கு அது வந்து சேர இன்னொரு நூற்றாண்டு ஆனது. ஸ்டுட்கார்ட் பக்கம் 1926இல் தொழில் தொடங்கிய ஆண்ட்ரியாஸ் ஷ்டீல், 1929இல் பெட்ரோல் ரம்பத்தைக் கொண்டுவந்தார். எடை 46 கிலோ! இரண்டு ஆள் பிடிக்க வேண்டும். 1950இல்தான் அவருடைய ரம்பம் ஒற்றை ஆள் தூக்கும் 16 கிலோவுக்கு இறங்கியது. அதற்கு முந்தைய வருடமே அமெரிக்காவில் மெக்கல்லக் நிறுவனம் சுமார் 11 கிலோவில் ஒன்றை விற்கத் தொடங்கியிருந்தது. (இந்த ராபர்ட் மெக்கல்லக்தான் 1968இல் லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கி, கல் கல்லாகக் கப்பலேற்றி அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தியவர். செயின்சா விற்ற காசுக்கு என்னவெல்லாம் செய்யலாம் பாருங்கள்.)

எஞ்சின் இளைத்தால் போதுமா, சங்கிலி அறுக்க வேண்டாமா? அன்றைய சங்கிலிகளில் கை ரம்பத்தின் பற்களே இருந்தன. மரத்தைச் சுரண்டின, சீக்கிரம் மழுங்கின. 1946இல் ஜோசப் காக்ஸ் என்ற ஓரெகான் மரவெட்டி, ஒரு அடிமரத்தில் வண்டுப் புழு மரத்தைக் குடைவதைக் கவனித்தார். அது நார் ஓடும் திசையைப் பொருட்படுத்தாமல், வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாகச் சீவிச் சீவி முன்னேறியது. காக்ஸ் அதே வடிவில் எஃகுப் பற்கள் செய்து, போர்ட்லாந்தில் தன் வீட்டு நிலவறையில் 1947இல் தொழில் தொடங்கினார். இன்றைய சங்கிலிகள் பெரும்பாலும் அந்தப் புழுவின் வாரிசுகள். எல்லோரும் இதில் புழுவைத்தான் கொண்டாடுகிறார்கள். பார்த்தவர் நாள் முழுக்க மரம் வெட்டியவர் என்பது எனக்கு அதைவிட முக்கியம். வேறு யார் அந்தப் புழுவுக்கு முன்னால் குந்தியிருப்பார்கள்?

பழைய ரம்பத்தை வாங்குமுன் சைலன்சரைக் கழற்றி, துளை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் வழுவழுவென்றிருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். கோடு கோடாகச் சிராய்த்திருந்தால், பெட்ரோலில் ஆயில் கலக்காமல் ஓட்டியிருப்பார்கள். அல்லது எங்கோ காற்று கசிந்து எரிபொருள் போதாமல் சூடேறியிருக்கும். அதற்காகவும் விட்டுவிட வேண்டியதில்லை. வீட்டு உபயோக ரம்பங்கள் பலவற்றில் எஞ்சினைப் பிளாஸ்டிக் உடலுக்குள் செருகியிருப்பார்கள், கெட்டால் குப்பைதான். தொழில் ரம்பத்தில் மக்னீசிய கிராங்க்கேஸின் மேல் சிலிண்டர் தனியாகப் போல்ட் போட்டு உட்காரும். அதன் உட்பூச்சு மிகக் கெட்டியானது. பல நேரம் ஒட்டிய அலுமினியத்தை மட்டும் அமிலத்தால் கரைத்து எடுத்துவிட்டு, புது பிஸ்டன், ஆயில் சீல் போட்டால் போதும். ரம்பம் நின்றால் அன்றைய கூலி போச்சு என்பவனுக்காகச் செய்யப்பட்ட பொருள், அதனால்தான் இப்படி.

கைப்பிடியைப் பிடித்து ஆட்டினால் லேசாக அசையும். நடுவில் ரப்பரோ ஸ்பிரிங்கோ இருக்கும். பழைய ரம்பங்களின் அதிர்வில் மரவெட்டிகளின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போயின. வெள்ளை விரல் என்றே அந்த நோய்க்குப் பெயர். அது தொழில்நோயாகப் பேசப்பட்ட பிறகுதான், 1960களில், இந்த ரப்பர்கள் வந்தன. அவற்றைக் கழற்றி மாற்றும்போது என் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

சரி, ஏன் அடகுக் கடை? 1990இல் புள்ளி ஆந்தை அமெரிக்க அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. முதுமரக் காடுகளில் வாழும் பறவை அது. வழக்குகள் நடந்தன, 1994இல் வந்த காட்டுத் திட்டத்துக்குப் பின் அரசுக் காடுகளில் வெட்டு பெருமளவு குறைந்தது. ஊர்க்காரர்கள் இன்றும் ஆந்தையைத் திட்டுவார்கள். ஆனால் ஆந்தை வருமுன்பே மில்களில் இயந்திரங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. சரிவில்லாத நிலத்தில், மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை சீவிப் போடும் வண்டியை ஓட்ட ஒரே ஆள் போதும். மரவெட்டி பெரும்பாலும் வண்டி ஏற முடியாத செங்குத்து மலைகளுக்கு ஒதுங்கினான். ஆந்தை வெறும் சாட்சி என்றுகூட எனக்குத் தோன்றும்.

கடைக்காரரிடம், நான் எடுத்த ரம்பத்தை யார் கொடுத்தது என்று கேட்டேன். பெயர் சொல்லக் கூடாதாம். “முதல்ல லாரியை வித்தாரு. ரம்பத்தைக் கடைசியாத்தான் கொண்டுவந்தாரு” என்ற பொருளில் ஏதோ சொன்னார். நான் விலையைக் குறைத்துக் கேட்கவில்லை.

பிஸ்டன் வந்துவிட்டது. கார்புரேட்டரின் ரப்பர் சவ்வுகளுக்காகக் காத்திருக்கிறேன்.